எரிந்து அடங்கியவன்

தொழுநோய் மருத்துவத்தில் முன்னர் ஒரு வழக்கு இருந்தது. நோய் தன் போக்கில் உடலைத் தின்று, விரல்களைக் கொண்டுபோய், பின்னர் தானே ஓய்ந்துவிடும். அந்நிலையை அடைந்தவரை 'எரிந்து அடங்கியவர்' என்பார்கள். அவரிடம் நோயும் இல்லை, தொற்றும் இல்லை. ஆனால் இழந்தவை திரும்புவதில்லை. இவ்வழக்கையே கிரஹாம் கிரீன் தம் 'எ பர்ன்ட் அவுட் கேஸ்' என்னும் புதினத்திற்குத் தலைப்பாக்கினார். 1959இன் தொடக்கத்தில் பெல்ஜியக் காங்கோவின் யொண்டா தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்று சில காலம் தங்கி, அதன் பயனாக எழுதிய நூல் இது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் மிஷேல் லெஷாவுக்கே இதைக் காணிக்கையாக்கினார். 1961இல் வெளிவந்த இந்நூலுக்குப் பின், 1974இல், நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பிறர்க்கென உழைத்தே உள்ளம் தீய்ந்துபோன தொண்டர்களைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ இதே சொல்லைக் கையாண்டார். உலக நலவாழ்வு நிறுவனமும் 2019இல் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு இடமளித்தது; நோயாக அன்று, பணியிடத்தில் விளையும் நிலையாக.

கதைத்தலைவன் குவெரி உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞன். ஆலயங்கள் எழுப்பியவன். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படகு அதற்கப்பால் போகாது என்னும் இடம்வரை ஆற்றில் பயணம் செய்து, துறவியர் நடத்தும் தொழுநோயாளர் குடியிருப்பில் இறங்குகிறான். அவனுக்குத் துயரம்கூட இல்லை. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். துயருறுகிறவன் இன்னும் எதையோ விரும்புகிறான். குவெரிக்கோ தொழிலும் காதலும் செபமும் ஒருசேர ருசியற்றுப் போயின. பிறர் சிரிக்கும்போது அவனுக்கு எரிச்சல் வருகிறது. சோம்பலையும் இந்நிலையையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே பலர். சோம்பேறி எரிந்ததே இல்லை. எரியாதது எவ்வாறு அடங்கும்?

இப்புதினத்தின் கூர்மையான பகுதி, குவெரியைச் சுற்றியிருப்போர் அவனுக்கு இழைக்கும் தீங்கு. அதைப் புகழ்ச்சியினாலேயே இழைக்கிறார்கள். தோட்ட முதலாளியைப்போல் வாழும் ரைக்கர் அவனைப் புனிதன் என்கிறான். பார்க்கின்சன் என்னும் இதழாளன் ஆல்பர்ட் சுவைட்சருக்கு இணையாக அவனை எழுதித் தள்ளுகிறான். தந்தை தாமசோ, அவனுடைய வறட்சியைப் புனித சிலுவை அருளப்பர் கூறிய இருண்ட இரவு என்றே விளக்கிவிடுகிறார்! 'எனக்கு ஒன்றுமில்லை, நான் வெறுமையாய் இருக்கிறேன்' என்று அவன் எத்தனை முறை சொன்னாலும், அதுவே தாழ்ச்சிக்குச் சான்றாகிவிடுகிறது. நம் பங்குகளிலும் இதைக் காணலாம். களைத்துப்போன ஒரு மறைக்கல்வி ஆசிரியையிடம், 'உம்மைப்போல் யாருண்டு' என்று சொல்லி இன்னொரு பொறுப்பையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். அவர் மறுப்பதற்குரிய சொல்லையும் அப்புகழுரை பறித்துக்கொள்கிறது.

குவெரி தேறுவது வேறு வழியில். குடியிருப்பின் தலைவர் அவன் கடந்தகாலத்தைக் கிளறுவதில்லை. அவருக்கு மின்விளக்கும் செங்கல்லும் கவலை. கடவுள் நம்பிக்கையற்ற மருத்துவர் கோலின் அவனிடம் ஞானம் பேசுவதில்லை. நோயாளிகளுக்கான கருவி ஒன்றை நகரிலிருந்து கொண்டுவர அவனை அனுப்புகிறார். எல்லை தெரிந்த வேலை, முடித்தால் முடிந்தது. ஓரிரவு, விரல்களை இழந்த பணியாள் தேயோ கிராத்தியாஸ் காட்டில் சேற்றில் விழுந்து கிடக்க, குவெரி தேடிப் போய், விடியும்வரை அவன் அருகே தங்குகிறான். அன்பென்று எவரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. பின்னர் மருத்துவமனைக்கு வரைபடம் தீட்டத் தொடங்குகிறான், எளிய கட்டடந்தான். எலியா சூரைச் செடியின்கீழ்ச் சாவை வேண்டிப் படுத்தபோது வானதூதர் கண்டிக்கவில்லை என்பது (1 அரசர்கள் 19) என் நினைவுக்கு வந்தது. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

குறைகளும் உண்டு. பிற்பகுதியில் ரைக்கரின் இளம் மனைவி சொல்லும் பொய்யும், அதனால் நேரும் துப்பாக்கிச் சூடும் நாடக மேடைக்கு உரியவை. முன்பகுதியின் நிதானத்தோடு அவை ஒட்டவில்லை. 1960இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் மக்களுள் தேயோ கிராத்தியாஸைத் தவிர எவருக்கும் இக்கதையில் முகமில்லை; ஐரோப்பியன் ஒருவன் தேறுவதற்கான களமாகவே ஆப்பிரிக்கா நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய குறையை ஈவ்லின் வா கண்டார். கிரீனின் நண்பரும் கத்தோலிக்க எழுத்தாளருமான அவர், நண்பரின் விசுவாசமே கரைந்துவிட்டதோ என வருந்தி, இந்நூலுக்கு மதிப்புரை எழுத மறுத்தார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்க இயலவில்லை. விசுவாசம் அவிந்துபோனது போலத் தோன்றும் ஒருவனை அவசரப்பட்டுப் பெயரிடாமல் கூடவே இருந்து பார்ப்பதும் விசுவாசத்தின் வேலை அல்லவா?

குவெரி தேறி வரும் வேளையில் கொல்லப்படுகிறான். அவன் குணமடைந்தான் என்றே கோலின் நம்புகிறார். இறுதிப் பக்கத்தில் அவர் முன் ஒரு சிறு குழந்தை நிற்கிறது; உடலில் நோயின் முதல் அறிகுறிகள். தலைவரிடம் மருத்துவர் சொல்வது இதுதான்: ஓரிரு ஆண்டில் குணமாக்கிவிடலாம், இவனுக்கு எந்த உறுப்பும் போகாது.