'குரல் கேக்கல தோழர்': ஒரு மிக்ஸை முன்வைத்து

பாட்டைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வரிகள், மெட்டு, பாடியவர், பாடப்பட்ட மேடை, பின்னாலிருக்கும் கட்சி, சாதி என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்திருக்கிறோம். ஆனால் பதிவான பாட்டில் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் தள்ளப்படுகிறது, தள்ளியது யார் என்ற கேள்வி வரும்போது மட்டும் 'அது டெக்னிக்கல் சமாச்சாரம்பா' என்று இஞ்சினியர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அரசியலைப் பிரதியில் தேடிப் பழகிய நமக்கு அதை ஒலிப்பலகையில் தேடத் தோன்றுவதில்லை. மிக்ஸ் என்பது முடிந்துபோன பாட்டின்மீது பூசப்படும் மெருகு அல்ல. ஒரே நேரத்தில் எழும் பல ஒலிகளில் எது மையம், எது பக்கம் என்று வரிசை போடும் காரியம் அது. அந்த வரிசையைக் கேட்டுவிட்டு நாம் சொல்லும் அபிப்பிராயமும் அப்பாவித்தனமானதல்ல.

இதை எழுதத் தூண்டியது எங்கள் குழுவின் பாட்டு ஒன்று. மூன்று பறை, ஒரு சட்டி, ஒரு பேஸ் கித்தார், இரண்டு பெண் குரல்கள். ஒரு வேலைநிறுத்தப் பந்தலுக்காக எழுதி, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் ஒரே மாலையில், நாலு மணி நேரத்தில் பதிவு செய்தோம். தனித்தனியாகப் பதிய நேரமும் இல்லை, காசும் இல்லை. எல்லோரும் ஒரே அறையில் நின்று அடித்தோம், பாடினோம். கையோடு ஒரு மிக்ஸ் போட்டு நண்பர்கள், தோழர்கள் இருபது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'எப்படி இருக்கு, தாட்சண்யம் பாக்காம சொல்லுங்க' என்று கேட்டோம். சொன்னார்கள். 'குரல் கேக்கல தோழர்.' 'பறையக் கொஞ்சம் அடக்கலாமே.' 'ப்ரொஃபஷனலா இல்ல.' 'வார்த்தைதான முக்கியம், அது அமுங்கிப்போச்சு.' வெவ்வேறு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே மேடையில் ஏறச் சம்மதிக்காதவர்கள்கூட இதில் உண்டு. பறையை அடக்குவதில் மட்டும் அப்படியொரு கருத்தொற்றுமை!

'அடக்கலாமே' என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. குறைக்கலாமே என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனால் பொதுப்புத்தி வேலை செய்வதே நல்ல எண்ணத்தின் வழியாகத்தான். இந்தக் காது எங்கே தயாரிக்கப்பட்டது? முதலாவது, சினிமாவில். 'பின்னணி'ப் பாடகர் என்று பெயரே தவிர, நம் திரைப்பாட்டின் கலவையில் அவர்தான் எப்போதும் முன்னணி. மற்றதெல்லாம் அவருக்குக் கீழே விரிக்கப்பட்ட ஜமக்காளம். எத்தனையோ இசையமைப்பாளர்கள் வந்தும் இந்த வரிசை பெரிதாகக் கலையவில்லை. இரண்டாவது, நம்முடைய சொந்த மேடையில். பறை எதற்கு? கூட்டம் சேர்க்க. தலைவர் வந்தாச்சா, அடிப்பதை நிறுத்து. பிறகு பேச்சு. பாட்டு என்பது பேச்சுக்கு வாகனம், தாளம் என்பது பாட்டுக்கு வாகனம் என்ற அடுக்கு இயக்கங்களின் காதிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சொல்லுகிற கருவியைப் பார்த்து 'நீ சும்மாயிரு, சொல் கேக்கல' என்பதில் உள்ள முரண் மட்டும் உறைப்பதில்லை.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறிய பிறகு பறையும் சட்டியும் கானாவும் மின்கித்தாரும் ஒன்றாக நிற்பது யாருக்கும் அதிர்ச்சியல்ல. ஆனால் மேடையில் நிற்பது வேறு, பதிவில் நிற்பது வேறு. மேடையில் பறையை அடிப்பவனின் உடம்பும் சேர்ந்து தெரிகிறது. பதிவில் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. அதை ஏற்றவும் இறக்கவும் ஒரு விரல் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, 'கரடுமுரடே கலகம், தெளிவு என்பதே மேட்டிமை' என்று நான் முடித்தால் அதுவும் ஒரு பம்மாத்து. குரல் சரியாகக் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் கேட்கவில்லை? ஒரே அறையில் பதிந்ததால் பாடியவர்களின் மைக்கிலும் பறை கசிந்து கிடக்கிறது. குரலை ஏற்றினால் கூடவே பறையும் ஏறும். இது முதல் சிக்கல். அடுத்தது நுட்பமானது. பறையில் அடிக்குச்சி தருவது அடிவயிற்றில் இடிக்கும் கனத்த ஒலி. மெல்லிய நீளக் குச்சி தருவது 'டண்'ணென்று வெட்டும் கூரிய ஒலி. ச, த, ட போன்ற மெய்யெழுத்துகள் காதில் பிரிந்து விழுவதற்குத் தேவையான மேல் அதிர்வெண்கள் எங்கே இருக்கின்றனவோ, இந்த வெட்டொலியும் அங்கேதான் வந்து உட்காருகிறது. உயிரெழுத்து கேட்கும், மெய் மறைந்துவிடும். அதாவது குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. பறையை ஒட்டுமொத்தமாக இறக்கத் தேவையேயில்லை. அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஈக்யூவில் கொஞ்சம் குடைந்துவிட்டால் சொல் வெளியே வந்துவிடும், பறையும் தன் இடத்தில் நிற்கும். 'அடக்கு' என்ற தீர்ப்பு நோயைச் சரியாகச் சொல்லி மருந்தைத் தப்பாகச் சொன்னது.

இன்னொன்று. அந்த இருபது பேரும் எதில் கேட்டார்கள்? பெரும்பாலோர் செல்போனின் சின்ன ஸ்பீக்கரில். அதனால் தாழ்ந்த அதிர்வெண்களைத் தர முடியாது. அடிக்குச்சியின் கனமும் பேஸ் கித்தாரும் அதில் காணாமல் போய்விடுகின்றன. மிஞ்சுவது வெட்டொலி மட்டும். பாதிக் கருவியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கேட்டால் அது 'சத்தம்' என்றுதானே படும்? பறை என்றால் சத்தம் என்று ஊர் சொல்லிவந்த பழைய வசையை இப்போது கையடக்கக் கருவி ஒன்று மறு உற்பத்தி செய்துகொடுக்கிறது. போதாததற்குச் சினிமாப் பாட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அது அமுக்கி, ஏற்றி, உரத்த அளவுக்குக் கொண்டுவரப்பட்ட பதிவு. தாழ்ந்த அளவில் கேட்கும்போது அடியொலி நம் காதுக்கு இன்னும் தாழ்ந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரத்துக் கேட்பது 'நல்லா' இருப்பதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பேசுங்கள் என்றால் பாதி விமர்சனம் அங்கேயே உதிர்ந்துபோகும்.

இதே வாக்கியம், 'குரல் போதவில்லை' என்பது, வேறொரு இடத்தில் என்ன செய்தது என்று பார்க்கலாம். 1993 பிப்ரவரியில் நிர்வாணா குழு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவில், ஸ்டீவ் ஆல்பினியை வைத்து 'இன் யூட்டரோ' தொகுப்பைச் சுமார் இரண்டு வாரத்தில் பதிந்து, மிக்ஸும் முடித்தது. முந்தைய தொகுப்பு கோடிக்கணக்கில் பணம் குவித்த குழு அது. ஆல்பினியின் முறை எளிது: குழுவை ஒன்றாக வாசிக்கச் சொல், அறையின் ஒலியையும் சேர்த்துப் பதி, குரலை வாத்தியங்களுக்கு நடுவில் வை. கேட்ட கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. விஷயம் பத்திரிகைக்கு வந்தது. நியூஸ்வீக் எழுதியதை மறுத்துக் குழுவினர் எழுதிய கடிதம் பில்போர்ட் இதழில் முழுப்பக்க விளம்பரமாக வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், குழுவினருக்கே குரலும் பேஸும் தாழ்ந்து கேட்பதாகச் சந்தேகம் வந்துவிட்டது. மறுகலவைக்கு ஆல்பினி மறுத்தார். கடைசியில் மாஸ்டரிங்கில் சில திருத்தங்கள் நடந்தன. வானொலிக்குப் போகவேண்டிய இரண்டு பாட்டுகளை மட்டும் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். செப்டம்பரில் வெளிவந்து பட்டியலில் முதலிடம் பிடித்தது.

2013இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அந்த இரண்டு பாட்டுகளின் ஆல்பினி மிக்ஸும் சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்துக் கேட்டுப்பார்த்தேன். பழசில் குரல் கூட்டத்தில் நிற்கும் ஆள் மாதிரி, புதுசில் கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கும் ஆள் மாதிரி. அவ்வளவுதான். துரோகம் என்று கூப்பாடு போடும் அளவுக்கு ஒன்றுமில்லை. பிரச்சினை டெசிபலில் இல்லை. அந்த அபிப்பிராயத்தைச் சொன்னவர்களிடம் பணமும் வெளியீட்டுத் தேதியும் இருந்தன என்பதுதான். தாங்கள் செய்தது சரியா என்று கலைஞர்களையே சந்தேகிக்க வைக்கிற அதிகாரம் அது. ஆல்பினி விற்பனையில் பங்கு வாங்குவதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். ஒருமுறைக் கூலி மட்டும். அந்தத் தொகுப்புக்கு அது ஒரு லட்சம் டாலர். 'அவ்வளவு வாங்கிக்கிட்டு அறம் பேசுறது சுலபம்' என்பீர்கள். இருக்கலாம். 2024இல் இறந்துபோன அந்த மனிதர் புனிதரும் அல்ல. இளமையில் பெண்களைப் புண்படுத்தும் பெயரைக் குழுவுக்கு வைத்தவர், 2021இல் அதற்கெல்லாம் பகிரங்கமாகப் பொறுப்பேற்றவர். ஆனாலும் ஒரு மிக்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவனுக்கு அதன் விற்பனையில் பங்கு இருக்கக்கூடாது என்ற நிலைப்பாடு யோசிக்கத் தக்கது.

எங்கள் இருபது பேருக்கும் விற்பனையில் பங்கில்லை. பின்னே எதற்காகக் கம்பெனிக்காரன் குரலில் பேசினார்கள்? சந்தையின் காது சந்தைக்கு வெளியேயும் உலவுகிறது என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

எல்லாருடைய அபிப்பிராயமும் வந்து முடிந்த பிறகுதான் எங்கள் பறை வாத்தியார் கேட்டார். அறுபது வயதுக்காரர். போனில் கேட்க மறுத்துவிட்டார், ஸ்டுடியோவுக்கே வந்தார். ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: 'தம்பி, மூணாவது பறை சூடு எறங்கிப்போச்சு. அது ஒன்னுதான் உறுத்துது.' குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பறையை நெருப்பில் காய்ச்சித்தான் தோலை இறுக்க வேண்டும். சூடு இறங்க இறங்கத் தொனியும் இறங்கும். ஏசி அறைக்குள் வைக்கோலைக் கொளுத்த முடியாது என்பதால் வாசலில் காய்ச்சி உள்ளே தூக்கிவந்து அடித்திருந்தோம். மிக்ஸ் செய்ய எடுத்தது நாலாவது டேக். அதற்குள் மூன்றாவது பறை தளர்ந்து, மற்ற இரண்டோடும் சேராமல் ஒரு மந்தத்தை உண்டாக்கிவிட்டது. குரல் அமுங்கியது போலத் தோன்றியதில் அந்த மந்தத்துக்கும் பங்குண்டு. இதை எந்த ஈக்யூவும் சரிசெய்யாது. எது சத்தம், எது தவறு என்று பிரிக்கத் தெரிந்த காது அது. அந்த அறிவுக்கு நம் விமர்சனச் சொல்லாடலில் இன்னும் ஒரு பெயர்கூட இல்லை.

இரண்டாவது டேக்கில் மூன்று பறையும் சூடாக இருக்கின்றன. ஆனால் அதில் பாடுகிற தோழி ஒரு அடியின் நடுவில் மூச்சு வாங்குகிறார், நன்றாகவே கேட்கிறது. நாலாவதில் அவர் பாடியது சுத்தம். குரலா, பறையா என்று இஞ்சினியர் கேட்டார். அவரிடமே கேட்டோம். 'மூச்சு வாங்குனா என்னா, நாள் பூரா பெருக்குற ஆளுக்கு மூச்சு வாங்காதா' என்றார். இரண்டாவது டேக்கை எடுத்து, பறையின் வெட்டொலியில் மட்டும் கொஞ்சம் குடைந்து, குரலை ஏற்றாமல் புது மிக்ஸ் போட்டோம். பந்தலில் கூம்பு ஒலிபெருக்கியில் போட்டபோது சொற்கள் தெருமுனை வரை விளங்கின. அதே இருபது பேருக்கும் மறுபடி அனுப்பினோம். 'இப்ப சூப்பர் தோழர், குரலை ஏத்திட்டீங்க' என்று பதில்கள் வந்தன. வரிகளைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.