செந்திற் கடலும் உலாந்தாக்காரரும்

ஒல்லாந்தரின் கடற்செலவுகளைப் போற்றும் நூல்கள், 1598 முதல் 1601 வரை உலகை வலம்வந்த ஒலிவர் வான் நோர்த்தையும், 1602-இல் மட்டக்களப்பில் இறங்கிப் பின் 1614-17-இல் உலகைச் சுற்றிய இசுபில்பெர்கனையும் விரித்துரைக்கும். கப்பல்கள் கரைசேர்ந்த ஊரார் அவரைப்பற்றி யாது கூறினர் என்பது அந்நூல்களில் அருகியே காணப்படும். பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கேயுள்ள திருச்செந்தூர் அத்தகைய ஊர்களுள் ஒன்று. அவ்வூர் வழக்கில் அவர் உலாந்தாக்காரர். ‘ஒலாந்தா’ என்னும் போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபு அது. பகைவர் வாய்ச்சொல்லாலேயே அவர் நமக்கு அறிமுகமாயினர் என்பது நயமுடைத்து.

1645-இல் காயற்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்த ஒல்லாந்தர்க்கும் திருமலை நாயக்கரின் அலுவலர்க்கும் பூசல் மூண்டது. தூத்துக்குடியில் போர்த்துக்கேசியரும் இருந்தனர். முத்தும் துணியும் அனைவர்க்கும் வேண்டியிருந்தன. 1648-49-இல் ஒல்லாந்தர் செந்திற்கோயிலைக் கைப்பற்றித் திருமேனிகளையும் கொண்டுசென்றனர்.

கோயில் மரபு கூறுவது வருமாறு: பொன்னெனக் கருதி எடுத்துச்சென்ற ஆறுமுகர் திருமேனியைப் புயலுக்கு அஞ்சிக் கடலில் இட்டனர், நெல்லைச் சீமையை ஆண்ட வடமலையப்ப பிள்ளை வேறொரு திருமேனி வார்ப்பித்தார், பின்பு கனவிற் கண்டவாறு எலுமிச்சங்கனி மிதக்கக் கருடன் வட்டமிட்ட இடத்தில் பழைய திருமேனியை மீட்டார். ஆண்டு கொல்லம் 829, அஃதாவது 1653-54.

ஒருசாரார் இதனைக் கட்டுக்கதையென ஒதுக்குவர்; மற்றொரு சாரார் ஒருசொல்லும் விடாது ஏற்பர். இரண்டும் ஆராய்ச்சி ஆகா. வடமலையப்பர் தமிழில் மச்சபுராணம் பாடியவர் எனவும் போற்றப்பெறுபவர். கடலுள் மறைந்த வேதத்தை மீன் மீட்ட கதையே அவர்மீது ஏறிற்று என எவரேனும் ஐயுறக்கூடும். அவ்வையம் வலிவுடையதே. ஆயின், புதுத்திருமேனி வார்ப்பித்த செய்தி அதற்கு இடந்தரவில்லை. அற்புதத்தை மட்டும் கருதிப் புனைந்தவர்க்கு அச்செய்தி வேண்டுவதன்று. மீட்சியின் பெருமையை அது குறைக்கவும் செய்கின்றது. தேவையின்றியும் நிலைத்து நிற்பதனாலேயே அதனை நிகழ்ந்ததென நாம் கொள்கின்றோம். மூலத்திருமேனி இனித் திரும்பாது என ஒரு காலத்தில் நெல்லையில் கைவிட்டிருந்தனர் என்பதே அதன் பொருள்.

இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளைக் கதை ஒரே கனவில் கடந்துவிடுகின்றது. நாயக்கரின் அலுவலர் ஒருவர் அக்காலமெல்லாம் வாளாவிருந்தார் எனக் கருத இயலவில்லை. தூதும் பேரமும் நடந்திருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. கருடன் வட்டமிட்ட நிழலில் வடமலையப்பரின் உழைப்பு மறைந்துவிட்டது. பக்தியால் அவரை உயர்த்தியவர்களே அவ்வகையில் அவருக்குக் குறை செய்தனர்.

1640 முதல் காலிக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்தம் கும்பினியின் ஏடுகள் இன்று ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் 1649 முதல் 1654 வரையுள்ள இலங்கைக் கடிதங்களைத் தலபுராணத்தொடு பக்கத்தில் வைத்துப் படித்தல் தமிழ்த்துறையினர் கடன். வரலாற்றுத் துறையினர்க்கே அதனை விட்டுவிடலாகாது.