எங்கள் ஊர்ப் பொன்னும் 'தங்கலான்' படமும்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும், அதுவும் நம் ஊரைப் பற்றி இருந்தால் நல்லது என்று நண்பர்கள் கேட்டார்கள். கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவன் நான். ஊரைச் சொன்னால் முன்பெல்லாம் "தங்கம் கிடைக்குமே, அந்த ஊரா?" என்பார்கள். 2018 டிசம்பருக்குப் பிறகு "யஷ் நடிச்ச படத்துல வருமே, அதா?" என்கிறார்கள். ஓர் ஊருக்கு நூற்றிருபது வருஷச் சரித்திரம் இருந்தும், ஒரே ஒரு சினிமா வந்து அதன் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் எங்கள் ஊரைக் களமாகக் கொண்ட இன்னொரு படத்தைத் திரும்பப் பார்த்து எழுதலாம் என்று தோன்றியது. 2024 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்'தான் அது. பெரிய செலவில் எடுத்த படமானாலும், போக்கில் யாரையும் பின்பற்றாத, விசித்திரமான தனிப்படம்.

தியேட்டரில் முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. வசனம் பாதி காதில் ஏறவில்லை. கனவு எது, நனவு எது என்று தெரியவில்லை. கறுஞ்சிறுத்தை பாய்கிற காட்சி கம்ப்யூட்டரில் செய்தது என்று பச்சையாகத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து ராபர்ட்சன்பேட்டை வீட்டில், டி.வி.யில், நைனாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர். எனக்குப் புரியாமல் போன வசனங்களுக்கு அவர் சிரித்தார், தலையை ஆட்டினார். "எங்க ஆயா பேசினா மாதிரியே கீதுடா" என்றார். அப்போதுதான் உறைத்தது. குறை படத்தில் மட்டும் இல்லை, என் காதிலும் இருக்கிறது. பெங்களூரில் முப்பது வருஷம் இருந்து, மேடைத்தமிழும் டி.வி. தமிழும் பேசிப்பேசி, என் பாட்டியின் வட ஆர்க்காட்டுப் பேச்சையே நான் மறந்திருக்கிறேன். இந்தப் படத்தின் எழுத்தில் அழகிய பெரியவனும் தமிழ்ப் பிரபாவும் பங்கு கொண்டிருக்கிறார்கள். அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். அந்த மண்ணிலிருந்துதான் எங்கள் முன்னோர் பலர் ரயிலேறி வந்தார்கள். அந்தப் பேச்சைச் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டதுதான் படத்தின் முதல் சிறப்பு என்பேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட ஆர்க்காட்டு வேப்பூரில் சொந்த நிலம் வைத்திருக்கும் தங்கலான் (விக்ரம்) அதைப் பறிகொடுக்கிறான். பொன் தேடி வரும் கிளெமென்ட் என்ற வெள்ளைக்காரரோடு, கூலிக்காகவும் நிலத்தை மீட்பதற்காகவும் போகிறான். பொன்னைக் காக்கும் ஆரத்தி (மாளவிகா மோகனன்) என்ற சூனியக்காரியா, தெய்வமா, தன் முன்ஜென்மமா என்று தெரியாத ஒருத்தி அவனைத் துரத்துகிறாள். ஒரு கட்டத்தில் அவன் குதிரையேறி, துரை மாதிரி உடுத்தி ஊர் திரும்பி, தன் சனத்தையே பெண்டு பிள்ளைகளோடு அழைத்துப் போகிறான்.

இதில் சரித்திரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கதை நடப்பது சுமார் 1850. ஆனால் உண்மையில் நடந்தது வேறு. 1802இல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட் எங்கள் பக்கம் வந்து, ஊர் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1871இல் தேடி வந்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது. ஆக, எங்களுடையவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தது 1880க்குப் பிறகு. அதற்குச் சற்று முன்னால் 1876 முதல் 1878 வரை என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் சனம் செத்த பஞ்சம். வயிறு காய்ந்த பண்ணையாளுக்கு, கையில் ரொக்கக் கூலி கொடுக்கும் இடம், மிராசுதாரர் முகத்தில் விழிக்க வேண்டாத இடம் என்று ஒன்று கிடைத்தது. கதையை முப்பது வருஷம் முன்னால் தள்ளியதில் ரஞ்சித்துக்குக் கற்பனைச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் பஞ்சம் கதையிலிருந்து காணாமல் போனது. பேராசையால் போனவர்களைவிடப் பசியால் போனவர்கள்தான் அதிகம். படம் இதைத் தொட்டிருந்தால் தங்கலானின் பொன்வெறிக்கு இன்னும் கனம் கூடியிருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

இன்னொரு விஷயத்தில் படத்தைக் குறை சொன்னவர்களோடு நான் சேர மாட்டேன். புத்தர் சிலையைக் கொண்டு வந்தது வலிந்து திணித்தது என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சரித்திரம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னால் ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' பத்திரிகையைத் தங்க வயலிலிருந்தே நடத்தினார். பாறைக்குள் ஆயிரக்கணக்கான அடி இறங்கி ஏறியவர்கள், மேலே வந்து பத்திரிகை வாசித்து, சாதி ஏன் வந்தது என்று விவாதித்தார்கள். ஆகவே படத்தில் வரும் புத்தர் இயக்குநரின் விருப்பத்துக்காக வந்தவர் அல்லர், எங்கள் லைன் வீடுகளிலிருந்து போனவர். பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுக்கொண்டு ஆடுகிற காட்சியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எங்கம்மா அந்தக் காட்சியில் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்.' படத்துக்கு வருவோம். அதை வெறும் மசாலா என்று தள்ள எனக்கு மனமில்லை. எங்கள் சயனைடு மேட்டை அத்தனை பெரிதாகத் திரையில் பார்த்தபோது பையன்கள் விசிலடித்தார்கள், நானும்தான். ஆனால் அந்தப் படத்தில் 1951இல்தான் பொன்னே கண்டுபிடிக்கிறார்கள், பிறகு அடிமைகள் சங்கிலியில் கிடக்கிறார்கள், ஒரு நாயகன் வந்து விடுதலை கொடுக்கிறான். நிஜத்தில் 1951க்கு முன்பே எங்கள் சுரங்கத்துக்கு எழுபது வயது. சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்தாயிற்று. 1930இல் விரல் ரேகைப் பதிவு வைக்கப் பார்த்தபோது தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். யாரும் வந்து விடுவிக்கக் காத்திருந்த சனம் அல்ல அது. அங்கே 'தங்கலான்' உயர்ந்து நிற்கிறது. வேலை செய்கிறவனையே கதைக்கு நடுவில் வைத்து, அவனுக்கு ஆசை, அகந்தை, தப்பு எல்லாம் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் படம் முடிந்ததும் நைனா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"இன்னாடா, கடைசி வரைக்கும் யாரும் கீழ எறங்கவே இல்ல?"

"அது 1850 கதை நைனா. அப்ப ஷாஃப்ட்டே கிடையாது."

"எந்த வருசமா இருந்தா இன்னா? பொன்னு கீழதானே கீது."

இரண்டு படங்களுக்கும் சேர்த்து அவர் எழுதிய விமர்சனம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும். கேஜில் ஆட்களை அடைத்து இறக்குவார்கள். 'ராக் பர்ஸ்ட்' என்றால் பாறை தானாக வெடித்துச் சிதறுவது. மேலே வீட்டுப் பாத்திரம் குலுங்கினால் பெண்கள் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். அந்த ஆழத்தில்தான் 1965இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து நியூட்ரினோ துகளின் தடத்தைப் பிடித்தார்கள். சிலிக்கா தூசி நெஞ்சில் படிந்து இருமிக்கொண்டே போனவர்கள் எத்தனையோ பேர். சுமார் 800 டன் தங்கம் இப்படித்தான் மேலே வந்தது. ஒரு சினிமாவும் இன்னும் அந்தக் கேஜில் ஏறவில்லை.

முடிவும் அப்படித்தான். 2001 பிப்ரவரி 28இல் சங்கு நின்றது. அதற்குப் பிறகு விடிகாலையில் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற வாழ்க்கை எங்களுக்குப் பழகிப்போனது. பொன் தேடி ஊர் விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிழைப்பு தேடி மறுபடி ரயிலேறுகிறார்கள். தங்கலான் தன் சனத்தை அழைத்துப் போகிற காட்சியை இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு அந்த ரயில்தான் ஞாபகம் வந்தது. அதற்காகவே படத்தின் குளறுபடிகளை மன்னித்தேன்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் தங்க வயலிலிருந்து வந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். புரியாத வசனம் வந்தால் நிறுத்திவிட்டு வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, கீழே என்ன இருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இறங்கினவர்கள் சிலராவது இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.