யூசுப்சாய் குலமும் யோசேப்பின் வம்சமும்: ஒரு திறனாய்வு

சிதறுண்ட பத்துக் கோத்திரத்தார் எங்குளர் என்னும் வினாவுக்கு விடைகூற முற்பட்டோர் பலர் பஷ்தூன் மக்களைச் சுட்டியுள்ளனர். அவர்களுள்ளும் பெஷாவர்ச் சமவெளி, ஸ்வாத், புனேர் ஆகிய பகுதிகளில் வாழும் யூசுப்சாய் குலத்தார், பெயர் ஒன்றைக் கொண்டே யோசேப்பின் புத்திரர் எனக் கொள்ளப்படுகின்றனர். நம் பிரசங்க பீடங்களிலும் இக்கருத்து தீர்க்கதரிசன நிறைவேற்றத்திற்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. ஆகவே இதன் அடிப்படையைச் சோதித்தறிதல் நம் கடமையாகும்.

இக்கருத்துக்கு முதன்மையான எழுத்துச் சான்று நிஆமத்துல்லா பாரசீக மொழியில் இயற்றிய ‘மக்ஸன்-இ-அஃப்கானி’ என்னும் வரலாற்று நூல். இது ஜஹாங்கீர் பேரரசர் காலத்தில், ஆப்கானியப் பிரபுவான கான் ஜஹான் லோடியின் ஆதரவில், 1613ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. சவுல் அரசனுக்கு எரேமியா என்றொரு மகன் இருந்தான். அவன் மகன் அஃப்கானா சாலொமோனின் படைத்தலைவன் ஆனான். நேபுகாத்நேச்சார் துரத்திய அவன் சந்ததியார் கோர் மலைநாட்டில் குடியேறினர். அவர்கள் வழிவந்த கைஸ் என்பவர் முகம்மது நபியிடம் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அந்நூலின் கூற்று.

திருமறையை அறிந்தோருக்கு இதன் முரண்பாடுகள் எளிதில் புலனாகும். சவுல் பென்யமீன் கோத்திரத்தான். சிறைப்பட்டுப்போன வட இராச்சியமோ எப்பிராயீமைத் தலைமையாகக் கொண்டது. அதனைச் சிறைப்படுத்தியவன் அசீரியன், பாபிலோனியன் அல்லன். சவுலின் குமாரரைக் கூறும் 1 நாளாகமம் 8:33இல் எரேமியா என்னும் பெயரே இல்லை. மேலும், இந்த வம்ச வரலாற்றின்படியே யூசுப்சாய் குலத்தின் மூதாதையான யூசுப், கைஸுக்குப் பல தலைமுறை பிற்பட்டவர். மந்த் என்பவரின் மகன். அவரை யாக்கோபின் மகனோடு ஒன்றாக்குவோர் தாம் சான்றாகக் காட்டும் நூலையே மறுக்கின்றனர்.

ஒலி ஒப்புமையும் உறுதியான சான்று ஆகாது. அப்ரீதி என்னும் குலப்பெயரை எப்பிராயீம் என்பாரும் உளர். ஏரோதோத்துஸ் குறிப்பிடும் அபரிதையர் என்பாரும் உளர். பஷ்தோவில் எபிரெயச் சொற்கள் மிகுதி எனச் செராம்பூர் அறிஞரும் எண்ணினர். ஆனால் பஷ்தோ கிழக்கு ஈரானியக் கிளைமொழி என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எல்பின்ஸ்டன் 1815இலேயே இவ்வம்சக் கதையை ஏற்க மறுத்தார். ஓலஃப் கேரோ 1958இல் வெளியிட்ட நூலும் அதனை ஏற்கவில்லை.

அப்படியாயின் நிஆமத்துல்லாவின் நூல் பயனற்றதா? அன்று. லோடியரும் சூர் மரபினரும் அரசிழந்து, மொகலாயர் கீழ் வாழ்ந்த காலத்தில், தம் மக்கள் ஆதிதொட்டே அரசரோடும் தீர்க்கதரிசிகளோடும் உறவுடையவர் என்னும் பெருமிதத்தை அந்நூல் வழங்கியது. அவ்வகையில் அது பதினேழாம் நூற்றாண்டு மனத்திற்குச் சிறந்த சான்று. பழங்கால நிகழ்ச்சிகளுக்குச் சான்றன்று.

புனைந்த வம்சத்தினும் மெய்யான வரலாறு பொருள் செறிந்தது. காபூலை ஆண்ட மிர்சா உலுக் பேக் யூசுப்சாய் தலைவர்களைப் படுகொலை செய்வித்தபின், எஞ்சியோர் மாலிக் அஹ்மது தலைமையில் பெஷாவர்ச் சமவெளிக்கு வந்து, அங்கிருந்த திலாஸாக் மக்களை அகற்றி நிலைகொண்டனர். 1519இல் பாபர் அவர்கள் தலைவரின் மகள் பீபீ முபாரிக்காவை மணந்தார். 1586இல் அக்பரின் அவைக்களத்துப் பீர்பால் அவர்களோடு பொருது மடிந்தார். ஷேக் மாலி வகுத்ததாகக் கூறப்படும் முறைப்படி, நல்ல நிலமும் தீய நிலமும் யாவருக்கும் கிட்டுமாறு காணிகள் காலந்தோறும் சீட்டுப் போட்டு மறுபங்கீடு செய்யப்பட்டன. ஸ்வாத்தில் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவிற்று. யோசுவாவின் சீட்டுகளும் யூபிலி ஆண்டும் நம் நினைவிற்கு வருவது இயல்பே. எனினும் ஒப்புமை இரத்த உறவாகாது. அன்றியும், அப்பங்கீட்டில் குலத்தைச் சேராத குடியானவருக்குப் பங்கில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

ஒரு மக்களினத்தை இஸ்ரவேலரெனக் காட்டினாலன்றி அவர்களிடம் தேவன் செயலாற்றுவதைக் காண இயலாதெனின், குறை நம் இறையியலில் உள்ளது. பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொணர்ந்தவர் தாமே என ஆண்டவர் உரைப்பதை ஆமோஸ் 9:7 காட்டுகிறது. காபூலிலிருந்து துரத்துண்டு வந்தோரின் பயணமும் அவர் பார்வைக்குப் புறம்பானதன்று. பிரசங்கிப்போர் யூசுப்சாய் மக்களை நம் கணக்குகளுக்குரிய சான்றுப்பொருளாக்காமல், தமக்கென வரலாறுடைய அயலாராக அறிந்து மதிப்பார்களாக.