மீனங்காடியில் மூன்று பார்வைகள்

மீன் விற்குமிடமும் அதனைச் சமைத்து உண்ணுமிடமும் ஒன்றாயிருத்தல் இக்காலப் புதுமையன்று. மலாக்காவின் உம்பாய்க் கடற்கரைக் கடைகளில், பரப்பி வைத்த மீன்களுள் வேண்டியதைத் தேர்ந்து, நிறுக்கச் செய்து, அது சுடப்பட்டு வரும்வரை மேசையில் காத்திருப்போரைக் காணலாம். இதனையொத்த காட்சியொன்று பட்டினப்பாலையிலேயே இடம்பெற்றுள்ளது. அங்காடியும் அடுக்களையும் கூடுமிடத்தைப் பழந்தமிழ்ப் புலவர் எவ்வாறு நோக்கினர், இன்றைய எழுத்து எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பது திறனாய்வுக்குரிய வினாவாகும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வரிசைப்படுத்துகின்றது. தெய்வத்திற்கு எடுத்த கொடி, வாதம் புரியும் ஆசிரியர்தம் கொடி, மரக்கலக் கொடி ஆகியவற்றோடு கள் விற்கும் மனையின் கொடியும் அங்கே அசைகின்றது. அம்மனையின் முன்றிலில் மீன் வெட்டப்படுகின்றது, இறைச்சி அறுக்கப்படுகின்றது, பொரிக்கும் ஓசை எழுகின்றது. மணலைக் குவித்து மலர் தூவிய அவ்விடத்தில் பலரும் புகுகின்றனர். உணவின் சுவையைக் கூறாமல் அதன் ஓசையைக் கூறிய புலவரின் நுட்பம் பாராட்டுதற்குரியது. ஆயினும் ஓர் இலக்கண உண்மையை ஈண்டு நோக்குதல் வேண்டும். வெட்டுதல், அறுத்தல், பொரித்தல் என்னும் மூன்று வினைகளுக்கும் அங்கே வெளிப்படையான எழுவாய் இல்லை. செயல் ஒலிக்கின்றது, செய்தவர் தென்படவில்லை. நகரின் வளம் பாட வந்த புலவருக்குக் கொடியே முதன்மை. கத்தி பிடித்த கையன்று. இது பாட்டின் குற்றமன்று, அதன் எல்லை.

சிலப்பதிகாரம் அவ்வெல்லையைச் சற்றே கடக்கின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் அதே நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுகின்றார். பிட்டு விற்போர், அப்பம் சுடுவோர், கள் விற்கும் மகளிர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர் எனத் தொழிலோர் அடுத்தடுத்து நிற்கின்றனர். பட்டினப்பாலையில் மறைந்திருந்த எழுவாய் இங்கே பெயரோடு வருகின்றது. எனினும் பெயர் சொல்லப்பட்ட அளவில் அவர்கள் கடந்து போகின்றனர். அவர்கள் பேசுவதில்லை, பட்டியலின் வேகம் அவர்களை நிற்கவிடுவதில்லை.

பேசும் குரலைக் கேட்க நற்றிணையின் 45ஆம் பாடலுக்குச் செல்லுதல் வேண்டும். அது தோழி கூற்று. விரைந்து செல்லும் தேருடைய செல்வனின் மகன் பரதவப் பெண்ணை நாடி வருகின்றான். தோழி அவனைத் தடுக்கின்றாள். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை ஓட்டும் தங்கள்மீது புலவு நாறும் என்றும், விலகி நிற்குமாறும் கூறுகின்றாள். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது தாழ்வுணர்ச்சி போலத் தோன்றும். ஆனால் பாட்டின் முடிவு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. தங்கள் வாழ்வு கடல் தரும் பயனால் அமைந்தது என்றும், தங்களுள்ளும் அவனை ஒத்த தலைமக்கள் உண்டு என்றும் அவள் நிமிர்ந்து உரைக்கின்றாள். நாற்றத்தை மறைக்காமலே பெருமையை நிலைநாட்டிய அப்பாடல், முன்னிரு நூல்களும் தொடாத இடத்தைத் தொடுகின்றது.

செயல், பெயர், குரல் என்னும் இம்மூன்றும் ஓர் எழுத்தை அளக்கும் அளவுகோல்களாகக் கொள்ளத் தக்கன. இன்று மீனுணவுக் கடையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவும் சுவையோடு நின்றுவிடுகின்றன. காரம் புகழப்படும், கடற்காற்று வருணிக்கப்படும். செதில் சீவியவர், குடல் நீக்கியவர், அனலருகே நின்று மீனைப் புரட்டியவர் ஆகியோர் வாக்கியத்திற்கு வெளியே நிற்பர். மீனுக்கும் அதே நிலைதான். தெங்கிரி, கெம்போங், பாரி, சியாக்காப் என்னும் மலாய்ப் பெயர்களைச் சந்தையில் பிழையின்றிச் சொல்லும் மாணவர், கட்டுரையில் ‘மீன்’ என்ற ஒரு சொல்லோடு அமைதி அடைகின்றனர். வஞ்சிரம், கானாங்கெளுத்தி, திருக்கை, கொடுவா என்னும் தமிழ்ப்பெயர்கள் வீட்டிலும் வகுப்பிலும் ஒலிக்காவிடில், அவை அகராதிக்குள் ஒடுங்கிவிடும். மலாய்ப் பெயரை விலக்குவது இதற்கு மருந்தாகாது. இரு பெயர்களையும் அறிந்த மாணவரே தம் சந்தையை முழுமையாக எழுத வல்லவர்.

நாற்றமும் குருதியும் இலக்கியத்திற்கு ஏற்றவையல்ல என்பாரும் உளர். புலவு என்னும் சொல்லைத் தயங்காது ஆண்ட சங்கப் பாடலே அவர்க்கு விடையாகும்.

ஆதலின், ‘சந்தை’ என்னும் தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுக்கும் ஆசிரியர், மாணவர் எழுதியதில் மூன்றினைத் தேடுதல் நலம். அங்கே வேலை நடக்கின்றதா? செய்பவருக்கும் மீனுக்கும் பெயர் உண்டா? அவர் பேசும் ஒரு சொல்லேனும் செவியில் விழுகின்றதா? இவற்றுள் ஒன்று குறையினும், மாணவரை மீண்டும் அச்சந்தைக்கே அனுப்பிக் கண்டும் கேட்டும் வரச் செய்தல் தகும்.