தமிழ் ராக்கர்ஸ்: பிரதி எடுப்பவனைக் காணோம்

ஏவி.எம். தயாரித்து, அறிவழகன் இயக்கி, அருண் விஜய் போலீஸ் அதிகாரியாக நடித்த ‘தமிழ் ராக்கர்ஸ்’ தொடர் 2022 ஆகஸ்டில் சோனி லிவ்வில் வந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அதை முதலில் பார்த்தவன் தறி ஓட்டும் பையன் ஒருவன். டெலிகிராமில் இறக்கியிருந்தான். “அண்ணே, களவாணிப் பயலுவளப் பத்துன கதை. அனுப்பட்டா?” என்றான். வாங்கிக்கொண்டேன். பிறகு சந்தா கட்டி முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் முதல் இரண்டு எபிசோடை ஓசியில் பார்த்ததைச் சொல்லாமல் இந்தத் தொடரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாள் நெருங்குகிறது, அதற்குள் கும்பலைப் பிடிக்க வேண்டும் என்பது கதை. துரத்தல் உண்டு, அடிதடி உண்டு, நாயகனுக்குச் சொந்தத் துயரம் உண்டு. களவு என்ற வேலை நடக்கும் இடத்தில் மட்டும் கேமரா நிதானமாக நிற்பதில்லை. கொள்ளைக்காரன் பயங்கரமானவனாக இருந்தால்தான் போலீஸ்காரர் பெரியவராகத் தெரிவார் என்று நினைத்துவிட்டார்கள் போல.

நிஜத்தில் அந்த ஆள் எவ்வளவு சாதாரணம்! 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் ‘ராயன்’ ஓடிக்கொண்டிருந்தபோது செல்போனில் படம் பிடித்த மதுரை இளைஞரைக் கேரள போலீஸ் பிடித்தது. படத்துக்கு 5000 ரூபாய் கூலி என்று அப்போது செய்திகளில் வந்தது. பின்சாய்ந்த இருக்கை, அதில் ஒரு செல்போன், இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை. இந்த ஒரு காட்சியை முழுசாக எடுத்திருந்தால் தொடரின் பாதிச் சண்டைகள் தேவைப்பட்டிருக்காது.

ஓடிடி வந்தபின் அந்த இருக்கைகூட வேண்டாம். தளம் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பூட்டி அனுப்புகிறது. சாவி தனியாக வரும். ஓடும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெறும் கறுப்பு வருகிறதே, அதுவும் இந்தக் காவலின் வேலைதான். ஆனால் நம் கண்ணுக்குப் படம் தெரிய வேண்டுமென்றால் சாவி நம் வீட்டுக்கு வந்தே தீர வேண்டும். கூகுளின் வைட்வைன் அந்தச் சாவியைச் சில கருவிகளில் சிப்புக்குள் வைக்கிறது, இது எல்1. மற்றவற்றில் மென்பொருளுக்குள்ளேயே ஒளித்து வைக்கிறது, இது எல்3. அந்த எல்3-ஐ உடைத்துவிட்டதாக 2019 ஜனவரியில் டேவிட் புக்கானன் என்ற ஆய்வாளர் அறிவித்தார். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பியைக் காக்கிற எச்டிசிபியின் தலைச்சாவியோ 2010-லேயே வெளியே வந்துவிட்டது.

ஆக, திருடுகிறவன் முதலில் சந்தா கட்டிய வாடிக்கையாளன். நள்ளிரவு 12 மணிக்குப் படம் ஏறுவதற்காக ஒரு அறையில் காத்திருக்கிறான். 2020 மே 29-இல், தியேட்டர்காரர்களின் எதிர்ப்பையும் மீறி, ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தபோது திருட்டுப் பிரதியும் கூடவே வந்துவிட்டது. தியேட்டர் பிரதியில் யாராவது இருமுவார்கள், ஒரு தலை குறுக்கே போகும். இந்தப் பிரதியில் அசலுக்கும் நகலுக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது.

தொடர் கவனிக்காமல் விட்ட இன்னொன்று கோப்பின் பெயர். எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. ‘வெப்-டிஎல்’ என்றால் பூட்டைத் திறந்து தளத்தின் கோப்பை அப்படியே எடுத்தது. ‘வெப்ரிப்’ என்றால் ஓடும்போது பிடித்து மறுபடி சுருக்கியது. ‘இ-சப்’ என்றால் ஆங்கில சப்டைட்டில். ‘பிரீடிவிடி’ என்று இருந்தால் தியேட்டரில் எடுத்தது, தரம் இவ்வளவுதான் என்று அர்த்தம். நம் சினிமா போஸ்டர் எதுவும் இத்தனை நேர்மையாகப் பேசியதில்லை. 700 எம்பி என்ற அளவைப் பாருங்கள். அது ஒரு சிடியின் கொள்ளளவு, 1.4 ஜிபி இரண்டு சிடி. பர்மா பஜார் காலத்துச் சிடி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அளவு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 250 எம்பி பிரதியோ எங்கள் பையனைப் போன்றவர்களின் போனுக்கென்றே செய்தது.

தயாரிப்பாளரின் வலியைத் தொடர் காட்டுவது உண்மை, அதில் பொய்யில்லை. 2004-லேயே திருட்டு வீடியோக்காரர்களைத் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி மூன்று ஆண்டு வரை சிறை, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்றார்கள். தியேட்டர் பிரதிகளின் மூலையில் ஓடும் சூதாட்டத் தள விளம்பரங்களைப் பார்த்தாலே பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஊகிக்கலாம். துப்பறியும் கதை அந்தப் பணத்தின் பின்னால் போயிருக்க வேண்டும். பார்க்கிற நம்மிடமும் வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அது வரவில்லை. நமக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுவிட்டது.

தறிக்காரப் பையனிடம் தொடர் எப்படி இருந்தது என்று பிறகொரு நாள் கேட்டேன். “போன்ல எடம் இல்லண்ணே. ஏழாவதோட அழிச்சிட்டேன்” என்றான். கடைசி எபிசோடில் யார் பிடிபட்டார்கள் என்று அவன் என்னிடம் கேட்கவும் இல்லை.