கரி அள்ளிப் போடுவது யார்? – ஸ்டீம்பங்க் கதைகளை ரசிக்க ஒரு வழி

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் டிராகன் தெரியும், மந்திரக்கோல் தெரியும், விண்கலம் தெரியும். ஸ்டீம்பங்க் என்றால் மட்டும் “அது என்ன அங்கிள், பாட்டா?” என்கிறார்கள். பிள்ளைகளை விடுங்கள். மாதம் தவறாமல் புத்தகம் வாங்கித் தரும் பெற்றோரே “ராக்கெட் விடுற காலத்துல கரிவண்டிக் கதை எதுக்கு சார்?” என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெட்ரோலும் கணினியும் உலகத்தைப் பிடித்துக்கொள்ளாமல், நீராவியும் பல்சக்கரமும் சாவி கொடுத்தால் ஓடும் பொறிகளுமே வளர்ந்துகொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கற்பனைதான் ஸ்டீம்பங்க். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாயல், மேலே ஆகாயக் கப்பல்கள். பெயர் வைத்தவர் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1987இல், பாதி விளையாட்டாக. விதை போட்டவர்கள் ஜூல்ஸ் வெர்னும் எச். ஜி. வெல்ஸும். அவ்வளவு போதும், மீதியைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்ளலாம்.

இனிதான் விஷயம். இந்தக் கதைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வேஷம் கட்டிய கதை. மற்றது கரி தின்னும் கதை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றது எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வேஷம் கட்டிய கதையை அட்டையிலேயே கண்டுபிடிக்கலாம். பித்தளைப் பல்சக்கரம் மின்னும். கதாநாயகியின் தொப்பிமேல் பெரிய காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஏறி உட்கார்ந்திருக்கும். அதை அவள் கடைசிவரை கண்ணில் மாட்ட மாட்டாள். ஆகாயக் கப்பல் புறப்படும், போய்ச் சேரும். நடுவில் எரிபொருள் தீராது, திருகாணி கழலாது, யார் கையிலும் மசகு ஒட்டாது. கப்பலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பறக்கும் கம்பளத்தை விரித்தாலும் கதையில் ஒரு வரி மாறாது. இதுதான் என் சோதனை. ஓ.எம்.ஆர். பக்கம் சில காபிக் கடைகளில் சுவர் முழுக்கச் செம்புக் குழாய் ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். அதற்குள் சொட்டுத் தண்ணீர் போகாது. அந்தச் சுவரை அச்சடித்து அட்டை போட்டால் இந்த ரகம்.

கரி தின்னும் கதையில் இயந்திரத்துக்குப் பசிக்கும். அதற்கு யாராவது சோறு போட வேண்டும். அந்த யாரோ ஒருவர் கதைக்குள் இருப்பார். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘லெவியதன்’ (2009) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1914, முதல் உலகப் போர். ஒரு தரப்பிடம் நடக்கும் இரும்புப் பொறிகள். இன்னொரு தரப்பிடம் திமிங்கலத்தை மாற்றி வளர்த்த ஆகாயக் கப்பல். அதன் உடம்புக்குள் வாழும் உயிர்கள்தான் ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. அது ஆல்ப்ஸ் பனியில் விழுந்துவிடுகிறது. மறுபடி எழும்ப வேண்டுமானால் அது சாப்பிட வேண்டும். சாப்பாடு இருப்பதோ எதிரித் தரப்புப் பையனின் கோட்டையில்! கதையே அந்தப் பசியில்தான் திரும்புகிறது. இங்கே கம்பளத்தை விரித்துப் பாருங்கள், முடியாது.

ஃபிலிப் ரீவின் ‘மார்ட்டல் என்ஜின்ஸ்’ (2001) இன்னும் ஒரு படி மேலே. லண்டன் நகரமே சக்கரப் பட்டையில் ஊர்ந்து சின்ன ஊர்களைத் துரத்திப் பிடித்துத் தின்கிறது. மேல்தட்டில் கனவான்கள், அடித்தட்டில், குடல் என்று அவர்கள் அழைக்கும் இடத்தில், பிடித்த ஊரை உடைத்துப் பிரிக்கும் கூலிகள். ‘ஸ்டீம்பங்க் என்றாலே வெள்ளைக்காரன் ஆட்சிக்கு ஏங்குகிற இலக்கியம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதும் விமர்சகர்கள் அந்த அடித்தட்டுக்கு ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். வேஷக் கதைகளைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனைக் காட்டும் கதை எஜமானுக்கு எப்படிச் சாமரம் வீசும்?

இப்படி விலை கேட்கும் கதையை நம் ஆட்கள் எப்போதோ ரசித்திருக்கிறார்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி சும்மா மறைந்துவிட மாட்டார். மின்சாரம் உடம்பில் பாய வேண்டும், மறைந்த பிறகும் இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். வரத்துக்கு ஒரு விலை, ஓர் ஓட்டை. மாயாவி ஸ்டீம்பங்க் இல்லை, சரி. ஆனால் அதை ரசித்த தாத்தாவுக்கு லெவியதனை விளக்க வேண்டியதே இல்லை. “இதில் பிள்ளைக்கு என்ன நீதி?” என்று பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கும் அப்பாவுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் தென்புறநகர் இந்த வகைக் கதைக்கென்றே செய்து வைத்த இடம். பரங்கிமலையில் தொடங்கி பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நேர்க்கோட்டை லாம்டன் என்பவர் 1802இல் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவையே அளந்த வேலைக்கு அதுதான் முதல் கோடு. அந்த வேலைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் கோணமானியைக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு திருப்பி அனுப்பினார்கள். 1903இல் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து மெட்ராஸில் ஓட்டினார். 1910இல் மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி’ஏஞ்சலிஸ் தானே வடிவமைத்து, சிம்ப்சனில் கட்டிய விமானத்தை எங்கே பறக்கவிட்டுப் பார்த்தார் தெரியுமா? பல்லாவரத்தில்! புத்தகம் என்றால் ஓடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போடும் தூண்டில் இந்த ஓட்டல்காரர்தான்.

இன்னொரு ரகசியம். ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ முதலில் அச்சானது நம் மெட்ராஸில்தான், 1905இல், இந்தியன் லேடீஸ் மேகசினில். ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறார்கள், மேகத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறார்கள், வானில் வண்டி ஓட்டுகிறார்கள். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். துர்காபாயின் கோண்டு ஓவியங்களோடு திருவான்மியூரிலுள்ள தாரா புக்ஸ் இதை வெளியிட்டிருக்கிறது. இதில் கரி இல்லையே, உன் சோதனையில் தேறுமா என்று மடக்காதீர்கள். வேலையை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியைத்தான் ரொக்கேயா முதல் பக்கத்திலிருந்து கேட்கிறார்.

எங்கே தேடுவது? எந்த நூலகத்திலும் இந்தப் பெயரில் அலமாரி இருக்காது. வகையைச் சொல்லாமல் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு சனிக்கிழமையைச் செலவிடலாம். ஜனவரிப் புத்தகக் காட்சியில் ஆங்கிலப் பழைய புத்தகக் குவியலைக் கிளறுங்கள். பல்சக்கர அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் ஒருநாள் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள். கரிவண்டியின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த பிள்ளை வேஷக் கதையில் சீக்கிரம் ஏமாறாது.

பத்து வயதுக்காரருக்கு பிரையன் செல்ஸ்னிக்கின் ‘ஹ்யூகோ கேப்ரே’ (2007). தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் படம். பாரிஸ் ரயில் நிலையக் கடிகாரங்களைப் பராமரிக்கும் அநாதைப் பையன், எழுதும் ஓர் இயந்திர மனிதன். கதை நடப்பது 1931இல். அதே ஆண்டில்தான் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. இது ஸ்டீம்பங்கே இல்லை என்று சண்டைக்கு வரும் சுத்தக்காரர்கள் இருக்கிறார்கள். வரட்டும். பன்னிரண்டுக்கு மேல் லெவியதன், அப்புறம் ரீவ். ரீவின் கதையை 2018இல் படமாக எடுத்தார்கள். புத்தகத்தை முடிக்கும்வரை அதைப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள்.

வெர்னின் ‘நீராவி வீடு’ (1880) கடைசியாக. 1857 கிளர்ச்சி அடங்கிய இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் இரும்பு யானை ஒன்றின் பின்னால் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வடக்கே பயணம் போகிறார்கள். நானா சாகிப் அதில் வில்லன். இதே வெர்ன்தான் நீர்மூழ்கிக் கப்பலின் நீமோவை திப்பு சுல்தானின் உறவுக்காரரான இந்திய இளவரசர் என்று இன்னொரு நாவலில் எழுதியவர். இங்கே மனசு மாறிவிட்டது. அதனால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து படிப்பது நல்லது. அந்த யானையின் வயிற்றுக்குத் தீ மூட்டும் ஃபயர்மேன் காளூத் என்ற இந்தியன். அவன் வரும் பக்கங்களின் ஓரத்தை மடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய புத்தகத்தில் மடிப்பு கொஞ்சம்தான் விழும்.